நெஞ்சில் ஒட்டிய அசைவு சென்சாரால் இதயத்தை எந்த அளவுக்கு அறியலாம்?

கேள்வியின் சுருக்கம்: பெங்களூரில் இறுதியாண்டு மின்னணுப் பொறியியல் படிக்கும் நான்கு மாணவர்கள் கேட்டது இது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய எம்பியு 6050 சென்சாரை (முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியும், திருகும் வேகத்தை அளக்கும் ஜைரோவும் சேர்ந்த சிப்) நெஞ்சில் ஒட்டி, இசிஜி இல்லாமலே இதயத்தைக் கண்காணிக்க முடியுமா? எதை அளக்கலாம், எங்கே ஒட்டுவது, அலை ஏன் ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி வருகிறது? இதயத் தளர்ச்சி உள்ள வீட்டுப் பெரியவருக்கு மாட்டி, நிலைமை மோசமானால் மருத்துவருக்குத் தகவல் போகும்படி செய்யலாமா?

எதை அளப்பது, எங்கே ஒட்டுவது, அலை ஏன் மாறுகிறது என்ற மூன்றுக்கும் நம்பிக்கையான பதில் உண்டு. பெரியவருக்கு மாட்டுவதற்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். காரணம் கடைசியில் வருகிறது.

இசிஜி காட்டுவது இதயத்தின் மின்சாரத்தை. அசைவு சென்சார் காட்டுவது அந்த மின்சாரத்துக்குப் பிறகு தசை செய்யும் வேலையை: கீழறை சுருங்குவது, வால்வுகள் மூடித் திறப்பது, இரத்தம் பெருந்தமனிக்குள் பாய்வது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டும் வேண்டுமென்றால் இந்த முயற்சியே தேவையில்லை, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். வால்வு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்ற நேரக்கணக்குதான் நெஞ்சு சென்சாரின் உண்மையான செல்வம். உங்கள் திட்டத்தை அதைச் சுற்றிக் கட்டுங்கள். அலையின் உயரத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள். ஒட்டும் இடம் ஒரு விரற்கடை நகர்ந்தாலே உயரம் மாறிவிடும். நேரம் அவ்வளவு எளிதில் மாறாது.

துறை பழையது. 1939இல் அமெரிக்காவின் ஐசக் ஸ்டார் தொங்கும் கட்டிலில் ஆளைப் படுக்கவைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் உடல் முழுவதும் பின்னுக்குத் தள்ளப்படும் சிறு அசைவைப் பதிவுசெய்தார். அது பாலிஸ்டோகார்டியோகிராபி. நெஞ்சுச் சுவரின் அதிர்வை அந்த இடத்திலேயே முடுக்கமானியால் பிடிப்பது சைஸ்மோகார்டியோகிராபி. 1990களின் தொடக்கத்தில் ஜானெட்டி, சலெர்னோ ஆகியோரின் வேலையால் இது மருத்துவ ஆய்வுக்குள் வந்தது. முடுக்கத்துக்குப் பதில் நெஞ்சின் நுண்ணிய திருகலை ஜைரோவால் பிடிப்பது ஜைரோகார்டியோகிராபி. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகக் குழு இதில் நிறையச் செய்திருக்கிறது. இந்த மூன்றின் அலைகளும் வேறு வேறு. இணையத்தில் கிடைக்கும் படத்தோடு உங்கள் அலையை ஒப்பிடும்போது அது எந்த வகையைச் சேர்ந்தது, எந்த அச்சு என்று முதலில் பாருங்கள்.

அலையில் என்ன இருக்கிறது? இசிஜியில் ஆர் சிகரம் (ஒவ்வொரு துடிப்பிலும் வரும் உயர்ந்த கூர்முனை) வந்த சிறிது நேரத்தில் கீழறை இறுகி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வு மூடும். அந்தக் கணத்தில் பெருந்தமனி வால்வும் இன்னும் மூடித்தான் இருக்கும். உள்ளே அழுத்தம் மட்டும் ஏறும். பிறகு பெருந்தமனி வால்வு திறந்து இரத்தம் வெளியேறத் தொடங்கும். நெஞ்சுக்குக் குறுக்கான அச்சில், அதாவது முதுகிலிருந்து முன்புறம் நோக்கிய அச்சில், இங்கேதான் பெரும்பாலும் ஓங்கிய சிகரம் வரும். இதை ஏஓ என்று குறிப்பார்கள். கீழறை காலியாகி முடிந்ததும் பெருந்தமனி வால்வு மூடும்போது இரண்டாவது, சிறிய அதிர்வுக் கொத்து வரும். அதில் உள்ள புள்ளி ஏசி. ஏஓவிலிருந்து ஏசி வரை இரத்தம் வெளியேறும் காலம். இசிஜியின் க்யூ அலை (ஆர் சிகரத்துக்குச் சற்று முன் வரும் சிறு பள்ளம்) தொடங்கிய இடத்திலிருந்து ஏஓ வரை, வெளியேற்றத்துக்கு முந்தைய காலம்.

இங்கே பல மாணவர் திட்டங்கள் சறுக்குகின்றன. ஆர் சிகரத்தைக் கண்டுபிடிப்பது எளிது என்பதால் ஆர் முதல் ஏஓ வரை அளந்துவிட்டு அதையே முந்தைய காலம் என்று எழுதிவிடுகிறார்கள். க்யூ தொடக்கத்துக்கும் ஆர் சிகரத்துக்கும் இடையே சுமார் 30 முதல் 40 மில்லிநொடி இருக்கும். அதை விட்டுவிட்டால் நூல்களில் உள்ள எண்ணோடு ஒருநாளும் பொருந்தாது. ஆர் முதல் ஏஓ வரைதான் அளக்கிறீர்கள் என்றால் அப்படியே பெயரிட்டு எழுதுங்கள்.

ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் 1968இல் வெய்ஸ்லர் குழு வெளியிட்ட சூத்திரங்கள். ஆண்களுக்கு வெளியேற்றக் காலத்தோடு இதயத்துடிப்பின் 1.7 மடங்கைக் கூட்டினால் சராசரி 413 மில்லிநொடி வரும். முந்தைய காலத்தோடு துடிப்பின் 0.4 மடங்கைக் கூட்டினால் 131. நிமிடத்துக்கு 72 துடிப்புள்ள ஆணுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெளியேற்றம் சுமார் 291 மில்லிநொடி, முந்தைய காலம் சுமார் 102. முந்தைய காலத்தை வெளியேற்றக் காலத்தால் வகுத்த விகிதம் 0.35. பெண்களுக்கு வெளியேற்றக் காலச் சூத்திரத்தில் 1.6 மடங்கும் 418உம் வரும். இவை கழுத்து நாடி அலை, இதய ஒலி, இசிஜி மூன்றையும் சேர்த்துப் பதிவுசெய்து பெற்றவை. ஆகவே மில்லிநொடி சுத்தமாகப் பொருந்தாது. ஆனால் நலமுள்ள ஓர் இளைஞருக்கு 180 மில்லிநொடி வெளியேற்றம் என்று உங்கள் நிரல் சொன்னால், கோளாறு நிரலில்தான்.

இனி சென்சார். நலமுள்ளவர் மல்லாந்து படுத்திருக்கும்போது ஏஓவின் உயரம் பெரும்பாலும் 10 மில்லி-ஜி ஒட்டியே இருக்கும், அதாவது புவியீர்ப்பின் நூறில் ஒரு பங்கு. ஏசி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். எம்பியு 6050 முடுக்கமானியின் இரைச்சல் அடர்த்தி, தரவுத்தாளின்படி, ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 400 மைக்ரோ-ஜி. 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதன் வர்க்கமூலமான ஏழால் பெருக்கினால் சுமார் 2.8 மில்லி-ஜி. ஏஓ தெரியும், ஏசி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். வேறு சிப்புகளில், எல்எஸ்எம்6டிஎஸ்ஓவின் இரைச்சல் 70 மைக்ரோ-ஜி. அதே அகலத்துக்கு அரை மில்லி-ஜி. ஏடிஎக்ஸ்எல் 355இல் 25 மைக்ரோ-ஜி அளவு. அதே அகலத்துக்கு 0.2 மில்லி-ஜிக்கும் குறைவு. இதில் ஒவ்வொரு துடிப்பிலும் ஏசியைத் தனித்தனியே பார்க்கலாம். ஆனால் அது பொருத்திய பலகை பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஏடிஎக்ஸ்எல் 345ஐ இதற்கு வாங்க வேண்டாம். அதன் ஒரு படி 3.9 மில்லி-ஜி.

அப்படியானால் கையிலிருக்கும் எம்பியு 6050 வீணா? இல்லை. அதன் ஜைரோவைப் பாருங்கள். இரைச்சல் ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 0.005 டிகிரி/நொடி. 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 0.035தான். இதயத்தின் திருகல் நெஞ்செலும்பில் நொடிக்கு ஓரிரு டிகிரி அளவுக்கு வரும். முடுக்கமானியில் சமிக்ஞை இரைச்சலைவிட மூன்று நான்கு மடங்குதான். ஜைரோவிலோ பல பத்து மடங்கு. முடுக்கத்தை மட்டும் பதிவுசெய்து ஜைரோவைத் தொடாமல் விடுவது இந்தச் சிப்பில் பெரிய இழப்பு. ஆறு அச்சுகளையும் சேமியுங்கள். துடிப்பின் வேகத்தையும் துடிப்பின் எல்லைகளையும் ஜைரோவிலிருந்து எடுங்கள். ஏசிக்கு முடுக்கமானியின் 25 துடிப்புகளைச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒன்றாகும்.

வாங்கியதும் ஒரு சோதனை. அடையாள ரெஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸ் 68 வர வேண்டும். 70 வந்தால் உள்ளே இருப்பது எம்பியு 6500. அதுவும் பயன்படும், ஆனால் ரெஜிஸ்டர்கள் சில மாறும். வேறு எண் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு தரைத்தளத்தில், தரை மீதே, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பதிவுசெய்து 1 முதல் 40 ஹெர்ட்ஸ் வடித்த பின் திட்டவிலக்கம் பாருங்கள். 3 மில்லி-ஜிக்கு மேல் வெகுதூரம் போனால் அந்தப் பலகையை விட்டு வேறொன்றை எடுங்கள்.

ஒட்டுவது. இதை அலட்சியம் செய்தால் பின்னால் எந்த இயந்திரக் கற்றலும் காப்பாற்றாது. இடம் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, கீழ்நுனிக் குருத்துக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில். எலும்பின் மேல் தோல் மெலிந்திருக்கும் இடம் அது. இடப்பக்கம் விலா இடுக்கில் ஒட்டினால் உயரம் கூடலாம், ஆனால் தசையும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அலையும் மாறும். பலகையில் ஊசிமுனைத் தலைப்பை (பின் ஹெடர்) பற்றவைக்காதீர்கள். மெல்லிய பலஇழைக் கம்பியை நேரடியாகப் பற்றவையுங்கள். பலகையின் அடியில் ஒரு சமமான கெட்டித் தகடு, அதன்கீழ் தோலுக்கேற்ற இருபக்க மருத்துவ டேப். பஞ்சு டேப் வேண்டவே வேண்டாம். பஞ்சும் சென்சாரின் எடையும் சேர்ந்தால் அடித்த கோயில் மணி ஓயாமல் ரீங்கரிப்பது போல ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு பொய்யான அலைகள் நீளும். அவற்றை ஏசி என்று நிரல் பிடித்துக்கொள்ளும். ரோமம் இருந்தால் மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். மேலே ஓர் எலாஸ்டிக் பட்டையை மூச்சு முட்டாத இறுக்கத்தில் கட்டலாம்.

கம்பி இழுபடுவது இரண்டாவது பெரிய தொல்லை. சென்சாரிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு வளையம் விட்டு, கம்பியைத் தோலோடு டேப் போட்டு நிறுத்துங்கள். சென்சாரிலிருந்து தரவு வரும் ஐ2சி கம்பியை 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். நீண்டால் தரவு இடையிடையே அறுந்துபோகும்.

ஒட்டியபின் அச்சைச் சரிபாருங்கள். ஆள் மல்லாந்து படுத்திருக்கும்போது நெஞ்சிலிருந்து வெளிநோக்கிய அச்சு கூட்டல் 1 ஜி காட்ட வேண்டும். கழித்தல் வந்தால் அலை தலைகீழாக இருக்கிறது, சிகரமெல்லாம் பள்ளம். ஒருவருக்கு நேராகவும் இன்னொருவருக்குத் தலைகீழாகவும் ஒட்டிவிட்டு, ஆளுக்கு ஆள் அலை மாறுகிறது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

அலை ஒவ்வொரு முறையும் வேறுமாதிரி வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு முக்கியக் காரணங்கள் மூச்சும், உடல் படுத்தோ உட்கார்ந்தோ இருக்கும் நிலையும். ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் நெஞ்சின் குறுக்கச்சு ஏறக்குறையக் கிடையாக இருக்கும். மூச்சில் நெஞ்செலும்பு 1 டிகிரி சாய்ந்தாலே அந்த அச்சில் ஈர்ப்பின் பங்கு சுமார் 17 மில்லி-ஜி மாறும். இதயத்தின் அலையைவிட அது பெரிது. மெதுவான இந்த ஏற்ற இறக்கத்தை 1 ஹெர்ட்ஸ் உயர்வடிகட்டி நீக்கிவிடும். நீக்குமுன் 0.1 முதல் 0.5 ஹெர்ட்ஸ் பகுதியைத் தனியே எடுத்துவையுங்கள். அது இலவசமாகக் கிடைக்கும் மூச்சுப் பதிவு. வடிகட்டியால் நீக்க முடியாதது ஒன்று உண்டு: உள்ளிழுக்கும்போது நுரையீரல் விரிந்து இதயத்தின் நிலையும் அதற்குள் வரும் இரத்தமும் மாறுவதால் அலையின் வடிவமே மாறும். ஆகவே எல்லாத் துடிப்பையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. மூச்சு வெளிவிட்டு நுரையீரல் சுருங்கிய நிலைத் துடிப்புகள் ஒரு குழு, விரிந்த நிலைத் துடிப்புகள் ஒரு குழு என்று பிரியுங்கள். தொடக்கத்தில் இன்னும் எளிய வழி, சாதாரணமாக மூச்சை வெளிவிட்டுப் பத்து நொடி நிறுத்திப் பதிவுசெய்வது. மல்லாந்து படுத்த பதிவே சுத்தமானது. இடப்பக்கம் புரண்டால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கி அலை வேறாகும். முதல் மாதம் ஒரே நிலையில் மட்டும் பதிவுசெய்யுங்கள்.

சுற்றுப்புறத்தையும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழலும் மின்விசிறியின் ஆட்டம் 5 ஹெர்ட்ஸ், சரியாக இதய அலையின் நடுவே விழும். அடுக்குமாடியில் போர்வெல் மோட்டார், ஜெனரேட்டர், அருகில் மெட்ரோ தூண் எல்லாமே கட்டில் வழியாக நெஞ்சுக்கு வரும். கட்டில் சட்டத்தில் இன்னொரு சென்சார் ஒட்டி, இரண்டிலும் ஒரே நேரத்தில் அதிர்வு வந்த பகுதிகளைத் தூக்கிப்போடுங்கள். தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தால் மெத்தையின் ஆட்டமும் போய்விடும். ஓடும் பிஎம்டிசி பேருந்தில் நெஞ்சலையிலிருந்து வால்வு நேரம் எடுக்கிறோம் என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

நேரக் கடிகாரம். மில்லிநொடிகளைப் பற்றிப் பேசும் திட்டத்தில் இது உயிர்நாடி. வால்வு நேரத்துக்கு இசிஜி ஆதாரமாக வேண்டும் என்பதால் ஏடி8232 என்ற இசிஜி பலகை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். சென்சாரின் உட்கடிகாரமும் மைக்ரோகன்ட்ரோலரின் கடிகாரமும் ஒன்றல்ல. சென்சார் நொடிக்கு 500 மாதிரி என்று சொல்லிவிட்டு 495 தந்தால், ஒரே நிமிடத்தில் 600 மில்லிநொடி நழுவிவிடும். அது ஒரு முழுச் சுருக்கத்தைவிட நீளம். தீர்வு எளிது: சென்சாரின் தரவு-தயார் முள்ளை இன்டர்ரப்ட்டாக எடுத்து, அந்தக் கணத்திலேயே இசிஜியின் ஏடிசியையும் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) படியுங்கள். இரண்டும் ஒரே வரிசையில், ஒரே நேரமுத்திரையோடு சேமிக்கப்படும்.

எம்பியு 6050க்கு அமைப்புகள்: மின்சாரம் தந்ததும் தூக்கத்தில் இருக்கும், ஹெக்ஸ் 6பி ரெஜிஸ்டரில் 1 எழுதி எழுப்பி ஜைரோ கடிகாரத்துக்கு மாற்றுங்கள். எல்லை கூட்டல்-கழித்தல் 2 ஜி, 250 டிகிரி/நொடி. உள்வடிகட்டி எண் 2 வைத்தால் முடுக்கமானிக்கு 94 ஹெர்ட்ஸ், தாமதம் 3 மில்லிநொடி. எண் 3 வைத்தால் 44 ஹெர்ட்ஸ், தாமதம் 4.9. மாதிரி வேக வகுஎண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் சிப் வகுக்கும், ஆகவே வகுஎண் 1 என்றால் 1000இல் பாதி, 500 மாதிரி. மாதிரிகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஃபைஃபோ நினைவகம் 1024 பைட். ஆறு அச்சுக்கு ஒரு மாதிரி 12 பைட் வீதம் 85 மாதிரிதான் தாங்கும், 170 மில்லிநொடிக்குள் காலிசெய்யாவிட்டால் நிரம்பி வழியும். ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்தினால் இசிஜியை ஏடிசி 1இன் முட்களில் இணையுங்கள், 32 முதல் 39க்குள். வைஃபை ஓடும்போது ஏடிசி 2 வேலை செய்யாது. இன்னும் நல்லது, பதிவின்போது வைஃபையை அணைத்து எஸ்டி அட்டையில் எழுதுவது.

தாமதங்களை இருபக்கமும் கூட்டிக் கழியுங்கள். ஏடி8232 பலகைகள் பெரும்பாலும் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை விடும்படி அமைந்தவை. 40 ஹெர்ட்ஸ் இருநிலை வடிகட்டி தானே 5 மில்லிநொடி அளவுக்குத் தாமதிக்கும். சென்சாரின் தாமதத்தை நேரடியாக அளக்க, அதன் மேல் ஒரு பீசோ தகட்டை (அதிர்ந்தால் மின்னழுத்தம் தருவது) ஒட்டி, 1 மெகாஓம் மின்தடையைக் குறுக்கே போட்டு, மின்னழுத்தம் 3.3 வோல்ட்டைத் தாண்டாமல் டயோடால் தடுத்து ஏடிசிக்குக் கொடுங்கள். மேசையை விரலால் தட்டினால் இரண்டு அலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் நேரடியாகத் தெரியும்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. உடலில் மின்முனை ஒட்டியிருக்கும்போது கருவி பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும். யுஎஸ்பி வழியே மடிக்கணினியில் இணைத்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறைவது கூடுதல் பலன்.

செயலாக்கத்துக்கு இவ்வளவு போதும். பதிவுசெய்த தரவில் 1 முதல் 40 ஹெர்ட்ஸ் பட்டர்வொர்த் வடிகட்டியை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பைத்தானில் சைபையின் சோஸ்ஃபில்ட்ஃபில்ட் அதைச் செய்யும். ஒருபக்கம் மட்டும் ஓட்டினால் அலைவெண்ணுக்கு ஏற்பத் தாமதம் மாறி ஏஓ நகரும். இசிஜியில் பான்-டாம்ப்கின்ஸ் முறையில் ஆர் சிகரங்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிநொடி முன்பிருந்து 500 பின்பு வரை வெட்டியெடுங்கள். துடிப்பு வேகமானால் பின்புறத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த துடிப்பு உள்ளே நுழையும். எல்லாத் துண்டுகளின் சராசரியான வார்ப்போடு ஒப்புமைக் கெழு 0.8க்குக் குறைந்த துடிப்புகளை நீக்குங்கள். எத்தனை நீக்கினீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். பாதிக்கு மேல் நீக்க நேர்ந்தால் அந்தப் பதிவு பயன்படாது.

ஏஓவை ஆருக்குப் பின் 30 முதல் 130 மில்லிநொடிக்குள் தேடுங்கள், ஏசியை 280 முதல் 450க்குள். சிலருக்கு ஏஓ இடத்தில் அருகருகே இரண்டு சிகரம் வரும். உயரமானதைப் பிடி என்று நிரலுக்குச் சொன்னால், ஒரு துடிப்பில் முதலாவதையும் அடுத்ததில் இரண்டாவதையும் பிடித்து 20, 30 மில்லிநொடி தாவும். அப்படித் தாவுகிறதா என்று அறிய ஆர் முதல் ஏஓ வரையுள்ள எண்களின் பரவல் வரைபடம் போடுங்கள். இரண்டு திமில் தெரிந்தால் தாவுகிறது. அப்போது சராசரி வார்ப்பில் ஒரு சிகரத்தைக் கையால் குறித்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதற்கு அண்மையிலுள்ளதை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அந்தச் சிகரத்துக்கு ஏஓ என்று பெயர் வைத்திருப்பதாலேயே எல்லாருக்கும் வால்வு அதே நொடித்துளியில் திறக்கிறது என்றாகாது. எதிரொலிப் பரிசோதனையான எக்கோவுடன் ஒப்பிட்டால் ஆளுக்கு ஆள் சில மில்லிநொடி முன்பின் இருக்கும். ஒரே ஆளிடம் ஏற்படும் மாற்றம் நம்பத்தக்கது. இரண்டு பேரை ஒப்பிடுவது கடினம்.

இசிஜி இல்லாமல் துடிப்பு மட்டும் எண்ணுவதானால் ஜைரோ அலையின் உறையை (உச்சங்களைத் தொட்டுச் செல்லும் கோடு, என்வலப்) எடுத்து, 8 நொடிச் சாளரத்தில் தன்னொப்புமை (ஆட்டோகோரிலேஷன்) போடுங்கள். இங்கே வரும் வழக்கமான பிழை, ஏசிக் கொத்தையும் ஒரு துடிப்பாக எண்ணி 70ஐ 140 என்று காட்டுவது. பாதி வேகத்தில் இன்னும் உயர்ந்த சிகரம் இருக்கிறதா என்று எப்போதும் சரிபாருங்கள்.

சென்சாரைத் தொடுமுன் இந்த நிரலை எழுதிச் சரிபார்க்கப் பொதுத் தரவு இருக்கிறது. ஃபிசியோநெட் தளத்தில் செப்ஸ் என்ற தொகுப்பில் 20 நலமுள்ளவர்களின் இசிஜி, மூச்சு, நெஞ்சதிர்வு மூன்றும் 5000 ஹெர்ட்ஸில், மல்லாந்து படுத்த நிலையில் கிடைக்கின்றன. அதில் உங்கள் நிரல் தடுமாறினால் சொந்தத் தரவில் நிச்சயம் தடுமாறும். வன்பொருள் வரும்வரை கைபேசியிலும் பார்க்கலாம். ஃபைஃபாக்ஸ் செயலியில் ஈர்ப்போடு கூடிய முடுக்கம், ஜைரோ இரண்டையும் தேர்ந்து, பேசியை நெஞ்செலும்பின் மேல் வைத்து மூச்சு நிறுத்திப் பத்து நொடி பதிவுசெய்யுங்கள். நேரியல் முடுக்கம் என்பதைத் தேர வேண்டாம், அது மென்பொருள் பிசைந்து தரும் எண். பேசியின் எடை அலையை அமுக்கும், மாதிரி வேகமும் குறைவு. துடிப்பு தெரியும், வால்வு நேரத்துக்கு அது ஆகாது.

எக்கோ இயந்திரம் கிடைக்காத நிலையிலும் உங்கள் அளவீடு உண்மையானதா என்று சோதிக்க உடலே வழிகாட்டும். நலமுள்ள குழு உறுப்பினர் ஒருவர் படுத்து ஐந்து நிமிடம், எழுந்து அசையாமல் நின்று ஐந்து நிமிடம். நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். ஆகவே துடிப்பு கூட வேண்டும், வெளியேற்றக் காலம் சுருங்க வேண்டும், முந்தைய காலம் நீள வேண்டும். பிறகு இருபது தோப்புக்கரணம் போட்டு உடனே படுத்துப் பதிவுசெய்யுங்கள். இப்போது துடிப்பு கூடினாலும் முந்தைய காலம் குறைய வேண்டும், ஏனென்றால் தசை வேகமாக இறுகுகிறது. துடிப்பு இரண்டிலும் கூடியும் முந்தைய காலம் எதிரெதிர்த் திசையில் போவதே இந்தச் சோதனையின் பலம். உங்கள் எண்கள் வெறும் துடிப்பு வேகத்தின் நிழலாக இருந்தால் இங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

இனி பெரியவருக்கு மாட்டுவது பற்றி. இதயத் தளர்ச்சியில் முந்தைய காலம் நீண்டு, வெளியேற்றக் காலம் குறைந்து, விகிதம் ஏறும் என்பது உண்மை. ஆனால் இதயத்தின் இடப்பக்க மின்கடத்தலில் தடை இருந்தாலும் முந்தைய காலம் நீளும். பெருந்தமனி வால்வு குறுகியிருந்தால் வெளியேற்றக் காலம் நீண்டு, தளர்ச்சியால் வந்த குறைவை மறைத்துவிடும். பீட்டா தடுப்பு மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, உண்ட உணவு, படுத்த கோணம் எல்லாமே எண்ணை நகர்த்தும். எண் மாறியதா என்று கருவி சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. ஜார்ஜியா டெக்கின் ஓமர் இனான் குழு 2018இல் இதயத் தளர்ச்சி நோயாளிகளிடம் ஆறு நிமிட நடைக்கு முன்னும் பின்னும் நெஞ்சதிர்வை ஒப்பிட்டு, நிலை சீராக உள்ளவர்களையும் மோசமானவர்களையும் பிரித்துக் காட்டியது. நம்பிக்கை தரும் பாதைதான். அது மருத்துவமனைச் சூழலில், மருத்துவர் மேற்பார்வையில் நடந்த ஆய்வு. துர்க்கு குழு அதே ஆண்டு 300 பேரிடம் கைபேசியை நெஞ்சில் வைத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பைக் கண்டறிந்தபோது உணர்திறனும் (கோளாறு உள்ளவரைப் பிடிப்பது) தனித்தன்மையும் (இல்லாதவரைச் சரியாக விடுவது) 95 விழுக்காட்டை ஒட்டி வந்தன. அதில் பாதிப்பேருக்கு அந்தக் கோளாறு ஏற்கெனவே இருந்தது. வீடுகளில் அந்த விகிதம் மிகக் குறைவாக இருக்கும் என்பதால் பொய் எச்சரிக்கைகள் மெய்யைவிடப் பெருகிவிடும்.

ஆகவே எச்சரிக்கை அனுப்பும் பகுதியை இந்த ஆண்டுத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பொய் எச்சரிக்கை பெரியவரை அலைக்கழிக்கும். எச்சரிக்கை வரவில்லையே என்ற நிம்மதி அதைவிடக் கொடியது, வலி வந்தும் வீட்டில் உட்காரவைத்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் கால்வீக்கம், மயக்கம் எதுவாயினும் திரையைப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், அவசரமென்றால் 108. இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். அவருக்கு ஏற்கெனவே மருத்துவர் சொல்லியிருக்கும் தினசரி எடை பார்ப்பது, இந்தக் கருவியைவிட இன்றைக்கு நம்பகமானது.

நோயாளிகளிடம் பதிவுசெய்ய விரும்பினால், அது உங்கள் தாத்தாவாகவே இருந்தாலும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறை வழிகாட்டுதல்படி கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் எழுத்துவடிவச் சம்மதமும் வேண்டும். பெங்களூரில் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் துறைத்தலைவர் வழியாக இதயவியல் துறைக்கு எழுதுங்கள். எழுதும்போது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லாமல், எக்கோவில் தெரியும் பெருந்தமனி வால்வு திறப்பு, மூடல் நேரங்களோடு எங்கள் ஏஓ, ஏசி எத்தனை மில்லிநொடி பொருந்துகின்றன என்று ஒப்பிட விரும்புகிறோம் எனக் கேளுங்கள். கூடவே நின்ற நிலை, தோப்புக்கரணச் சோதனைகளின் வரைபடங்களையும் வைத்து அனுப்புங்கள். பெண்களையும் பருமனானவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். தோலடிக் கொழுப்பு கூடும்போது அலை எங்கே மங்குகிறது என்பதும் உங்கள் அறிக்கையில் இடம்பெற வேண்டும். வடிகட்டாத மூலத் தரவை ஒட்டிய இடம், நிலை, சென்சார் திசை ஆகிய குறிப்புகளோடு அப்படியே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் உங்கள் முடிவைச் சரிபார்க்க அது வேண்டும்.